அரச மரத்தடியில் ஒரு முகம்

வீடு என்னவோ பழையதுதான். வீட்டுக்காரர் தரையைப் பெயர்த்துப் புதுக் கல் பதித்து, சமையலறையை இடித்துக் கட்டி, சுவரெல்லாம் பளிச்சென்று ஆக்கியிருந்தார். அதோடு விட்டாரா? வாடகையையும் ஏற்றிவிட்டார்.

பெங்களூர் காக்ஸ் டவுனில், பூங்காவுக்கு எதிரே, இரண்டாம் மாடி. 2003ஆம் வருடம் திருவண்ணாமலையிலிருந்து வந்த இளவேனிலின் குடும்பம் அங்கே பால் காய்ச்சிக் குடியேறியது.

வந்த சில நாட்களில் அப்பா பெட்டிகளைப் பரணில் ஏற்றினார். பரணை மட்டும் எந்த வேலையாளும் தொடவில்லை போலிருக்கிறது. மூலையில் போர்வை சுற்றிய ஒரு படம் கிடந்தது. சட்டத்துக்குள் ஓர் இளம்பெண். கண்ணாடியின் மேல் குங்குமம். காய்ந்த மாலை சருகாக உதிர்ந்தது.

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“செத்துப் போனவங்க படம். யாரோ, என்னவோ. பால் காய்ச்சின வீட்டுல இது இருக்க வேணாங்க.”

“குப்பையில போட மனசு வரலையே,” என்றார் அப்பா.

“குப்பையிலயா? பாவங்க. பார்க்ல அரச மரத்தடியில பழைய சாமி படமெல்லாம் வெச்சிருக்காங்களே, அங்க வெச்சிட்டு வாங்க.”

வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாத, வீசவும் முடியாத சாமிகளுக்கெல்லாம் அந்த மரத்தடிதான் அடைக்கலம். மூக்கு உடைந்த பிள்ளையாருக்கும் சாயம் போன முருகனுக்கும் நடுவே அப்பா அந்தப் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

இளவேனில் பால்கனியிலிருந்து பார்த்தாள். அந்த முகம் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

“அம்மா, மழையில படம் ஊறிப் போயிடும். அவங்க வீட்டுல தேட மாட்டாங்களா?”

“தேடினா இத்தனை நாள்ல வந்திருப்பாங்க. நீ உப்புமாவைச் சாப்பிடு.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தப் பெண் யாருக்காவது அம்மாவாக இருந்தால்? நினைக்கவே துக்கமாக இருந்தது.

யாரைக் கேட்பது? இந்தக் கட்டடத்தில் எல்லாரும் புதிதாக வந்தவர்கள். தெருவிலும் பாதி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஆனால் வீடு மாறினாலும், நடப்பதற்குப் பழைய ஆட்கள் இந்தப் பூங்காவுக்குத்தானே வருவார்கள்?

அவள் குடையோடு கீழே இறங்கினாள். படத்தைத் துடைத்து, நடைபாதை ஓரத்து பெஞ்சில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்திக்கொண்டாள்.

ஷூ போட்ட ஒருவர் நின்றார். “விக்கிறியா பாப்பா?”

“இல்ல அங்கிள். இவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

“நானே இப்பதான் குடி வந்தேன்,” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த ஒரு தாத்தா படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். இளவேனிலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

தூறல் விழுந்தது. குடையைப் படத்தின் பக்கம் சாய்த்தாள். அவள் முதுகு நனைந்தது. நடக்க வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ரொட்டிப் பையோடு வந்த ஓர் ஆன்ட்டி குனிந்து பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“இது நம்ம வனஜா இல்ல? உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?”

அவர் பெயர் பியாட்ரிஸ். தெருமுனை ஓட்டு வீட்டில் ரொம்ப காலமாக இருப்பவர். இளவேனில் நடந்ததைச் சொன்னாள்.

“வாடகை கட்டுப்படியாகலன்னு அவ புருஷன் உத்தமன் பையனைக் கூட்டிட்டு ஜீவனஹள்ளிக்குப் போயிட்டான்மா. சாமான் ஏத்துறப்போ உடையக் கூடாதுன்னு படத்தைப் பரண்ல வெச்சிருக்கான். சாமான் ஏத்த வந்த தங்கச்சி எடுத்திருப்பான்னு அவன் நெனச்சான். அண்ணன் எடுத்திருப்பான்னு அவ நெனச்சா. திரும்பி வந்து கேட்டா, எல்லாத்தையும் லாரியில அள்ளியாச்சுன்னு மேஸ்திரி சொல்லிட்டான். அவங்ககிட்ட இருந்ததே இந்த ஒரு படம்தான்.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “பையனுக்கு என்ன வயசுங்க?”

மகளைத் தேடிக்கொண்டு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“ரெண்டாவது படிக்கிறான். கிஷோர்.”

அம்மா படத்தை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

பியாட்ரிஸ் ஆன்ட்டி சொல்லி அனுப்ப, மறுநாள் காலையில் உத்தமனும் கிஷோரும் வந்தார்கள். அதற்குள் அம்மா கண்ணாடியைத் துடைத்து, புதுக் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார். உத்தமன் கண்களைத் துடைத்துக்கொண்டார். கிஷோர் அழவில்லை. வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“ஆன்ட்டி, சமையல் ரூமைப் பார்க்கலாமா?”

“போய்ப் பாருப்பா.”

படத்தின் முகம் வெளியே தெரியும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் உள்ளே போனான்.

“பாரும்மா, குழாய் இப்ப ஒழுகவே இல்ல. மேடைக்குக் கருப்புக் கல்லு போட்டிருக்காங்க. நீ கேட்டியே, அதே மாதிரி.”

கிஷோர் படத்தோடு அடுத்த அறைக்குத் திரும்பினான். அங்கே ஜன்னல் சாத்தியிருந்தது, இருட்டாக இருந்தது.

இளவேனிலின் அம்மா அவனுக்கு முன்னால் போய் விளக்கைப் போட்டார்.