மூலை டிரெட்மில்

ஜெகதளாவில் பஸ்ஸை விட்டு ஜூடித் இறங்கியபோது மூடுபனி கடைவாசல்வரை வந்துவிட்டிருந்தது. பொழுது சாயக்கூட இல்லை, அதற்குள் டீக்கடையில் விளக்குப் போட்டிருந்தார்கள். தோள்பையை இறுக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பைக்குள் புது ஷூ, ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில்.

ஜிம் இருந்தது ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில். கல் சுவர், தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடித் தகட்டின் வழியே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் இறங்கியது. ரப்பர் பாயின் வாடைக்கும் வியர்வைக்கும் அடியில், எத்தனை கழுவினாலும் போகாத ஈர மண் வாடை.

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஜூடித்தை இங்கே துரத்திவிட்டது டாக்டர் அல்ல. சர்ச் திருவிழா விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், அவள் கணவன் அலன் அவள் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான்.

"இவளுக்கு இது வேண்டாங்க. இப்பவே ஊட்டு வாசல்ல பக்கவாட்டுலதான் நுழையறா."

எல்லோரும் சிரித்தார்கள். ஜூடித்தும் சிரித்தாள். தான் சிரித்ததை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம்கூடக் குரலை உயர்த்தாத டீச்சர் அவள். கோபம் வந்தால் விழுங்கிக்கொள்வாள்.

பயிற்சி கொடுப்பவன் பெயர் தினகரன். எல்லோருக்கும் மாஸ்டர். வந்தவுடன் அவளை எடை மிஷின்மேல் நிறுத்தி, முள் காட்டியதைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"மேடம், மிஷின் பாவமுங்க!"

அங்கிருந்த பெண்கள் குனிந்து சிரித்தார்கள். மூலையில் தனியாகக் கிடந்த டிரெட்மில்லை அவன் காட்டினான். சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்ரீமதி.

"மாஸ்டர், டீச்சருக்கு அது வேண்டாமே," என்றாள் மெதுவாக.

"உன் வேலையப் பாரு."

பெல்ட் நகர்ந்தது. ஜூடித் நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. கரகரவென்று, அடிநெஞ்சிலிருந்து இழுத்துவிடும் மூச்சு. அது கூடம் முழுக்கக் கேட்பதுபோல் இருந்தது. வெட்கத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது அவள் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. எதிர்ச் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் கல் சுவர் மட்டும்தான் இருந்தது.

பிரமை என்று தேற்றிக்கொண்டு மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். போகாமல் விட்டால் அலன் சிரிப்பான். ஒவ்வொரு நாளும் அந்த மூச்சு கொஞ்சம் நெருங்கியது. பின்கழுத்து முடி அசைந்தது. ஒருநாள் மூச்சுக்கு நடுவே ஒரு பெண்குரல், காதுக்கு அருகில், திணறித் திணறிச் சொன்னது.

"போதுங்க... நிறுத்துங்க..."

ஜூடித் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"அதுக்குள்ளயா? நடிக்காதீங்க மேடம்," என்றான் தினகரன்.

அன்று பஸ் நிறுத்தத்தில் ஸ்ரீமதி வந்து பக்கத்தில் நின்றாள். பனியில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது.

"கேட்டுச்சுங்களா, டீச்சர்?"

ஜூடித் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கனகமணி அக்கா. எங்க எஸ்டேட் பேக்டரியில இருந்தாங்க. போன மழைக்காலத்துல அதே மிஷின்லதான்... நெஞ்சு வலிக்குது, நிறுத்துங்க மாஸ்டர்னு கெஞ்சியிருக்காங்க. இவன் பொத்தான் மேல கைய வெச்சு மறைச்சுட்டு, ஸ்பீடக் கூட்டிட்டுச் சிரிச்சிருக்கான். நடிக்காதேன்னானாம். அப்ப உள்ள இருந்த ஒரு பொண்ணு, ஊரை விட்டுப் போறப்ப என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போச்சு. விழுந்தவங்க எந்திரிக்கலீங்க."

"யாரும் கேக்கலையா?"

"வியாதியோட வந்த பொம்பளைன்னு சொல்லிட்டான். குண்டா இருந்தாங்கல்ல, எல்லாரும் நம்பிட்டாங்க. அவங்க ஊட்டுக்காரரு நல்லசாமி அண்ணன்கூட."

ஜூடித்துக்குப் பயம் விட்டுப்போனது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது அவளை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பிற்பகல் நல்ல மழை. மற்றப் பெண்கள் யாரும் வரவில்லை. தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே தினகரன் தனியாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். ஜூடித் ஷூவை மாற்றவில்லை. நேராக அவன்முன் போய் நின்றாள்.

"கனகமணி நிறுத்தச் சொன்னாங்களா இல்லையா?"

அவன் முகம் ஒரு நொடி செத்தது. பிறகு சிரித்தான்.

"யாரு கதை கட்டுனது? மிஷின்ல ஒண்ணுமில்லீங்க. பாருங்க."

மூலை டிரெட்மில்லில் ஏறிப் பொத்தானை அழுத்தினான். கையை வீசி, விளையாட்டாக நடந்தான். ஜூடித் எதிர்ச் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தினகரனின் பிம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு முகத்தின் உயரத்தில், கண்ணாடிமேல் ஆவி படிந்தது. மறைந்தது. மீண்டும் படிந்தது.

யாரோ நின்று மூச்சு விடுவதுபோல.

பெல்ட்டின் வேகம் கூடியது. தினகரன் ஓட ஆரம்பித்தான். சிவப்புப் பொத்தானைத் தட்டினான். மறுபடி தட்டினான். குத்தினான்.

வேகம் இன்னும் கூடியது.

"மேடம்! மெயினை ஆஃப் பண்ணுங்க!"

மெயின் சுவிட்ச் ஜூடித்தின் கைக்கு எட்டும் இடத்தில், கதவோரம் இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்தாள். அழுத்தவில்லை. அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் பிளந்து, கண் பிதுங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓடினான்.

"நெஞ்சு... நெஞ்சு வலிக்குது மேடம்..."

அவள் காதோரம் ஒரு குரல் சொன்னது.

"நடிக்கிறான்."

அதில் அழுகை இல்லை, வேதனை இல்லை. கோபம் மட்டுமே இருந்தது. ஒரு கணம் ஜூடித் அதைத் தன் குரல் என்றே நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது.

சுவிட்சை இறக்கினாள்.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறி நின்றது.

டிரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது.

மங்கலில் தினகரனின் காலடி தடதடத்தது. அதோடு சேர்ந்து இன்னொரு காலடியும். கனமாக, தள்ளாடி, விடாமல்.

"அக்கா, விடுங்க," என்றாள் ஜூடித். "இவன் செத்துட்டா நடந்ததைச் சொல்ல ஆளில்லாமப் போயிரும். சொல்ல வைக்கிறேன்." பிறகு வாழ்நாளில் கத்தாத அளவுக்குக் கத்தினாள். "சொல்லுடா!"

"நிறுத்தச் சொன்னா! நான்தான் கேக்கல! நான்தான்..."

பெல்ட் சட்டென்று நின்றது. தினகரன் முன்னால் எகிறிக் கம்பியில் மோதி விழுந்தான். முழங்கால் எலும்பு முறியும் சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டது.

டீக்கடைக்காரரும் ஜூடித்தும் அவனை ஜீப்பில் ஏற்றிக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று வீட்டில், எங்கே போய்ச் சுற்றிவிட்டு வருகிறாய் என்று அலன் கேட்டான். அவள் சாதத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இத்தனை சோறா?"

"இன்னொரு தடவை என் தட்டைப் பார்த்துப் பேசினீங்கன்னா, இந்த ஊட்டுல உங்களுக்குத் தட்டே இருக்காது."

அலன் தன் தட்டை இழுத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டான்.

மறுநாள் அவள் நல்லசாமியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். போலீஸார் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார்கள். தினகரன் தான் எதுவும் சொல்லவில்லை என்றான். டீச்சருக்குத் தன்மேல் கடுப்பு, அதனால் கதை கட்டுகிறார் என்றான். நல்லசாமி ஸ்டேஷன் வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்த வேகத்தில் ஜூடித் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தினகரன் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தான்.

"சொன்ன வார்த்தையை மாத்திட்டியே?"

"மிஷினு ரிப்பேரு மேடம். பயத்துல உளறினேன். பேய் சொல்லுச்சுன்னு கோர்ட்ல போய்ச் சொல்வீங்களா?" என்று பல்லைக் காட்டினான்.

அவனை அறையத் தூக்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள். வெளியே வந்து, அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஆத்திரத்தில் கண் இருட்டியது. படியருகே போனபோது, அந்த அறைக்குள் மருந்து வைத்துவிட்டு வந்த நர்ஸ் ஜெபிஷா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏனுங்க, பார்வையாளர் நேரம் முடிஞ்சுருச்சு. உங்ககூட வந்த அக்காவையும் கூட்டிட்டுப் போங்க."

ஜூடித் திரும்பினாள்.

"எந்த அக்கா?"

"அவர் தலைமாட்டுல கட்டில் கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கிறாங்களே, அவங்கதான். உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாங்க. இந்தக் குளிர்ல அவங்களுக்கு வேர்த்து ஊத்துதுங்க."

சாத்திய கதவுக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்து உருண்டது. பிறகு சத்தமில்லை.

"அவங்க என்கூட வரலீங்க," என்றாள் ஜூடித். "அவரைப் பார்க்க வந்தவங்க. இருக்கட்டும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், மெதுவாகப் படி இறங்கினாள்.