மூச்சுக்குக் காத்திருந்த மூவர்

பனி கொட்டும் மத்தியானத்தில் கார் அந்தப் பழைய சாக்கே மதுக் கிடங்கின் முன் நின்றபோது குரோசேவுக்கு இறங்கவே மனமில்லை. மாட்சுமோட்டோ ஊரில் வேறு அரங்கா இல்லை? இசை விழாக்காரர்கள் இதைத்தான் பிடித்திருந்தார்கள். போன வருஷம் ஒத்திகைக்கு வந்த இடத்தில், இதன் பின்னறையில்தான், இசை எழுதும் ஓரியே மூச்சிழுப்பு வந்து செத்துப்போனாள். மருந்து கேட்டு அவள் சுவரைத் தட்டியது அடுத்த அறையிலிருந்த குரோசேவுக்கு நன்றாகவே கேட்டது. பாவி, எழுந்திருக்கவில்லை. ஐரோப்பிய நால்வர் இசைக்குள் மூங்கில் குழலின் மூச்சைக் கொண்டுவந்து அவள் எழுதி வைத்திருந்தது, இன்று அவன் பெயரில் அரங்கேறுகிறது.

உள்ளே பழைய மரமும் புளித்த அரிசியும் மணத்தன. கூடவே லேசாகப் புதினா தைலம்.

ஓரியே நெஞ்சில் தடவிக்கொள்வது.

ஒத்திகை நடுவிலுள்ள மௌனம் வரை ஒழுங்காகப் போனது. 'மா' என்ற அந்த மௌனத்துக்கு அளவு கிடையாது. முதல் வயலின்காரனான குரோசே மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டு நால்வரும் சேர்ந்து வில் போட வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது.

அவன் இழுப்பதற்குள் மற்ற மூவரும் வாசித்துவிட்டார்கள்.

என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தான். செல்லோ வாசிக்கும் தோகாஷி சிரித்தாள். "நல்லா இருக்கே. மூச்சை நீங்க இழுத்துட்டு எங்களத் திட்றீங்களா?"

"நான் இழுக்கல."

"அப்போ உங்க பின்னாடி யாரு நின்னா?"

சாயங்காலம் அரங்கு நிரம்பியது. மௌனம் வந்தது. குரோசே மூச்சை இழுத்தான்.

வரவில்லை.

மறுபடி இழுத்தான். ஈரமான உள்ளங்கை ஒன்று வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தது. புதினா நெடி கண்ணைக் கரித்தது. தோகாஷி அவனையே பார்த்தபடி வில்லைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். அவன் காலால் தரையைத் தட்டினான். எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் அந்த மௌனத்தில் சொக்கிப்போய்க் கண்களை மூடிக்கொண்டார்.

குரோசேவின் வயலின் மடியில் சரிந்தது, தலை கவிழ்ந்தது. அதுவும் இசையில் சேர்த்தி என்றே நினைத்தார்கள்.

அப்போது அவன் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, நிம்மதியாக.

மூவரும் வில் போட்டார்கள். கடைசி சுரம்வரை நான்கு வாத்தியங்கள் கேட்டன.

குரோசேவின் வயலின் அவன் மடியைவிட்டு எழவேயில்லை.