வாலறுந்த ஊர்வலம்

அந்த நகரம் ஆண்டுதோறும் தன் பிறந்தநாளை ஊர்வலம் விட்டுக் கொண்டாடும். பெரிய ஊர்வலம். ஆனால் அது ஒரு தடவைகூட முழுசாக மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

காரணம், வழியில் இருக்கும் ரயில்வே கேட். பயணிகள் ரயில் போனதும் கேட் திறக்கும். கொஞ்ச நேரத்தில் சரக்கு ரயில் வரும், மறுபடியும் மூடும். அதற்குள் மேயர், பேண்டு வாத்தியம், பூ வண்டிகள், சைக்கிள் வித்தைக்காரர்கள் எல்லாரும் தாண்டிவிடுவார்கள். கடைசியில் வரும், பள்ளிக்கூடத்தின் வாண்டுகள் வகுப்பு மட்டும் மாட்டிக்கொள்ளும். மேயருக்காகப் பேருந்துகள் நிற்கும். சரக்கு ரயில் நிற்காது. அதற்கு மேயர் யாரென்றே தெரியாது.

இந்த ஊர்வலத்துக்கு நேரம் குறித்துக் கொடுப்பது மாநகராட்சியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. அவருடைய மகளை எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று அவளிடமே கேட்கலாம். ஆனால் பதிலை முழுசாகக் கேட்க மத்தியானம் வரை நேரம் வேண்டும்.

அவள் தம்பிக்குப் பெயர் கட்டெறும்பு. வாண்டுகள் வகுப்பில் படிக்கிறான். போன வருடம் தெருவிளக்கு வேஷம் போட்டுப் போனான். கேட் மூடிக்கொண்டது. மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவிளக்கு அன்று அழுததில் காகிதமெல்லாம் நனைந்துவிட்டது.

இந்த வருடம் அவன் தபால்பெட்டி. சிவப்பு அட்டைப்பெட்டிக்குள் நுழைந்து, கடிதம் போடும் ஓட்டை வழியாகப் பார்த்தபடி வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்தத் தடவை நான் மைதானத்துக்குப் போயிடுவேன்ல?"

அம்மாவின் முகம் வாடியது. "ஊர்வலக் குழுவுல சொல்லிட்டாங்கடா. இந்த வருஷமும் வால் அறுந்தா, அடுத்த வருஷத்துல இருந்து வாண்டுகள் வகுப்பே வேண்டாமாம்."

"ஐயோ! அப்போ என்ன பண்ணப் போறே?" என்றாள் ரேடியோ.

"வேற என்ன? எல்லாரையும் இன்னும் வேகமா நடக்க வைக்கணும்."

ஒவ்வொரு வருடமும் அம்மா செய்வது இதுதான். ஒவ்வொரு வருடமும் வால் அறுவதும் இதேபோலத்தான்.

மறுநாள் காலையில் மூவரும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். முன்னால் அம்மா, காதில் போன். "பேண்டு மாஸ்டர், அடியை இன்னும் வேகமா அடிங்க!" என்று கத்திக்கொண்டே விறுவிறுவென்று போனார். நடுவில் ரேடியோ. பின்னால் கட்டெறும்பு. ஒத்திகைக்காக அவன் தபால்பெட்டியாகவே வந்தான்.

சிக்னலில் அம்மா சாலையைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மகள் இந்தப் பக்கம். அவளுக்கும் பின்னால், பெட்டிக்கடை வாசலில், தபால்பெட்டி. ஒரு தாத்தா அதற்குள் நிஜமாகவே ஒரு கடிதத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வேகமா வாங்கன்னு சொன்னேன்ல!" என்று அம்மா அங்கிருந்து கத்தினார்.

"நீ வேகமாப் போனா அவன் வேகமாயிடுவானா? உனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கிற ரோடுதான் நீளமாகுது!" என்று ரேடியோ இங்கிருந்து கத்தினாள்.

சொல்லி முடித்ததும் அவளே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

தாத்தாவிடம் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தம்பியைத் தனக்கு முன்னால் நிறுத்தி நடக்கவிட்டாள். அடுத்த சிக்னலை மூவரும் ஒன்றாகத் தாண்டினார்கள்.

"அம்மா, ஊர்வலமும் இப்படித்தான் அறுந்துபோகுது. மேயர் வேகமாப் போறார். வாண்டுங்களால முடியாது. நடுவுல இழுபடுது. மேயர் மெதுவா நடந்தா எல்லாரும் ஒட்டி ஒட்டி வருவாங்க. கேட்டை ஒரே மூச்சுல தாண்டிடலாம்."

"மெதுவா நடந்தா கேட்டுக்கு வர லேட்டாகுமே?"

"அப்போ சீக்கிரமாக் கிளம்பு!"

அம்மா நடைபாதையிலேயே உட்கார்ந்து விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு எழுந்து, போனில் காத்திருந்த பேண்டு மாஸ்டரிடம், "மாஸ்டர், நான் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க" என்றார்.

மேயரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் மெதுவா நடக்கணுமா? வேகநடைப் போட்டியில கோப்பை வாங்கினவன் நான்!"

"அதான் சார் பிரச்சனையே" என்றாள் ரேடியோ. "என் தம்பியைக் கூட்டிட்டுப் போங்க. தானா மெதுவாயிடுவீங்க."

"மேயருக்கு முன்னால யாரும் நடக்கக் கூடாதும்மா. அது இந்த ஊர் வழக்கம்."

"முன்னால வேண்டாம் சார். பக்கத்துல, கையைப் பிடிச்சுட்டு வரட்டும். ஆனா கையை விட்டுடாதீங்க. அந்த ஓட்டை வழியா அவனுக்குச் சரியாத் தெரியாது. சாக்கடையில இறங்கிடுவான்."

"கண்டிப்பா இறங்கிடுவேன் சார்" என்று தபால்பெட்டி உறுதி கொடுத்தது.

மேயர் சிரித்துவிட்டார்.

பிறந்தநாளும் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் தலை தலையாகக் கூட்டம். மாடியிலெல்லாம் ஆட்கள். முரசு மெதுவாக முழங்கியது. "இது ஊர்வலமா, சாப்பிட்டு உலாத்துறதா?" என்று பேண்டு மாஸ்டர் முணுமுணுத்தார்.

பாதி வழியில் கூட்டம் கைதட்டியதும் மேயரின் கால்கள் சும்மா இருக்கவில்லை. எட்டி ஓர் அடி வைத்தார். அவர் பிடித்திருந்த சின்னக் கை பின்னால் இழுத்தது.

"சார், என் கால் குட்டை சார்."

மேயர் அந்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

ரேடியோவும் அம்மாவும் கேட்டைத் தாண்டி, மைதானத்துப் பக்கம் காத்திருந்தார்கள். பயணிகள் ரயில் தடதடவென்று போனது. கேட் திறந்தது. அதோ மேயர்! அதோ தபால்பெட்டி! பின்னாலேயே பேண்டு, பூ வண்டிகள், சைக்கிள்கள். நடுவில் ஒரு நாய் புகுந்து போகக்கூட இடமில்லை.

"வராங்கம்மா! எல்லாரும் வராங்க!" என்று ரேடியோ குதித்தாள்.

வாண்டுகள் ஆளுக்கொரு வேஷத்தில் வந்தார்கள். பூங்கா பெஞ்சு தாண்டியது. கடிகாரக் கோபுரம் தாண்டியது. தெருக்குழாய் தாண்டியது. அந்த நேரம் கேட் மணி அடிக்கத் தொடங்கியது.

கடைசியாக வந்த குப்பைத்தொட்டி, மணிச் சத்தத்தைக் கேட்டதும் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ரேடியோ இரண்டு கைகளையும் விரித்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "வா!" என்றாள்.

அவள் வாழ்க்கையிலேயே பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

குப்பைத்தொட்டி ஓடி வந்து அவள் கைக்குள் விழுந்தது. டீச்சரும் பின்னாலேயே ஓடி வந்தார். கேட் மெல்ல இறங்கியது. அதற்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை!

கேட்கீப்பர் அக்கா பச்சைக்கொடியைக் காட்டிக்கொண்டே ஆடினார். அம்மா யாரென்று தெரியாத இரண்டு பேரைக் கட்டிப்பிடித்தார். அப்புறம்தான் மகளைத் தேடிப் பிடித்துத் தூக்கிச் சுற்றினார்.

மைதானத்தில் புதிதாக ஒரு சிக்கல். ஊர்வலம் முழுசாக வந்து சேரும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. அதனால் இடம் போதவில்லை. வாண்டுகள் வகுப்பை எங்கே நிறுத்துவது?

"மேடையில ஏத்துங்க!" என்றார் மேயர்.

ஏற்றினார்கள். பெஞ்சு, கோபுரம், குழாய், குப்பைத்தொட்டி என்று மேடை நிறைந்துவிட்டது. நட்டநடுவில், மைக்குக்கு எதிரே, தபால்பெட்டி.

"நான் வந்துட்டேன்!" என்றது அது, மைக்கில். மைதானமே அதிர்ந்து சிரித்தது.

கீழே நின்ற மேயர் சட்டைப்பையிலிருந்து தன் பேச்சை எடுத்தார். தடிமனான கட்டு. மேடையைப் பார்த்தார். கால் வைக்கக்கூட இடமில்லை. கட்டைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, பேச்சை அடுத்த வருஷம் வச்சுக்கலாம்" என்றார்.

அந்த நகரம் தன் மேயருக்கு அவ்வளவு நேரம் கைதட்டியது அதுதான் முதல் தடவை.