சின்ன விதைத் தட்டு

வளர்கூடத்தில் அன்று வெட்டும் நாள். நீர்ப்புகை மெல்ல இறங்க, அதற்குள் புன்னைக் கன்றுகள் தூங்குவதுபோல் வரிசையாக நின்றன. மங்கை கத்தரியால் ஒவ்வொரு தண்டையும் மண்ணுக்கு ஒரு விரல் மேலே வெட்டிக்கொண்டே போனாள். இலைகள் சத்தமில்லாமல் விழுந்தன.

ஊரைச் சுற்றிய காற்றுச்சுவருக்கு வெளியே உப்புப்புயல் ஆண்டுதோறும் எல்லாவற்றையும் கத்தரித்துப் போடும். அதனால் கன்றுகளை உள்ளேயே ஒரு முறை வெட்டிப் பார்ப்பார்கள். துளிர்த்தது வெளியே போகும். துளிர்க்காதது உரக்குழிக்கு.

பெரிய விதையில் முளைத்தவை அநேகமாகப் பிழைத்துவிடும். மண்ணுக்குள் மிச்சமிருக்கும் பருப்பு அவற்றுக்குச் சோறு போடும். சின்ன விதையின் பருப்பு தண்டு எழும்போதே தீர்ந்துவிடும். பிறகு அதற்கு இலைதான் சோறு.

பிள்ளைகளுக்கும் ஊரில் அதே வழக்கம். ஏழு வயதானதும் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஊருக்கு மேலே உயரத்தில் இருக்கும் மேல்கூட்டில் வைப்பார்கள். குரல்கூடக் கேட்க முடியாது. பலர் தேறிவிட்டார்கள். சிலர் பேச்சை மறந்து திரும்பினார்கள். அனுப்ப மறுத்த குடும்பத்துக்குச் சுவருக்குள் இடமில்லை.

மறுநாள் மங்கையின் மகள் பவளாவின் முறை. அவள் இன்னும் அம்மாவின் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டுதான் உறங்குவாள்.

"இந்தத் தட்டு ஏன் மறைவா இருக்கு?" வளர்கூடப் பொறுப்பாளர் ஜெபராஜின் குரல்.

"எல்லாம் சின்ன விதை சார். போன தடவை வெட்டாம விட்டேன். நல்லா இலை விட்டு, தண்டு தடிச்ச பிறகுதான் வெட்டினேன்."

அவர் குனிந்தார். வெட்டுகளுக்குக் கீழே செந்நிறத் துளிர்கள்.

"அட, எல்லாமே பொழச்சிருக்கே!"

"எல்லாமே இல்ல சார். ரெண்டு போயிடுச்சு."

"புயல் உங்கிட்ட நாள் கேட்டுட்டா வரும்?"

"புயல் கேக்காது. கத்தரி நம்ம கையிலதானே இருக்கு, நாம கேக்கலாம்ல?"

ஜெபராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ செடியப் பத்தி மட்டும் பேசல."

"பவளாவுக்கு ஒரு வருசம் தள்ளிப்போடச் சொல்லுங்க சார்."

"நான் சொல்லி யாரு கேப்பா? எம் பொண்டாட்டியே கேக்க மாட்டா." சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டார். "சபை ஒத்துக்காது மங்கை. அனுப்பலேன்னா வெளியதான்."

"தெரியும் சார்."

"அந்தக் காத்துல நீ தாங்குவியா?"

மங்கை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நான் பெரிய விதை சார்."

காலையில் மின்தூக்கி மேல்கூட்டை நோக்கி மிதந்து ஏறியது. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன உள்ளங்கைகள். அவற்றில் பவளாவுடையது இல்லை.

சுவரின் வாசலில் ஜெபராஜ் காத்திருந்தார். சின்ன விதைத் தட்டைப் பவளாவின் கையில் கொடுத்தார்.

"துளிர்த்தது வெளிய போகணும். விதிப்படிதான்."

பிறகு மங்கையின் இடுப்பில் செருகியிருந்த கத்தரியைப் பார்த்தார். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"இது இங்கயே கெடக்கட்டும்."

கதவு திறந்தது. வெளியே எல்லாம் வெளிறிய வெள்ளை. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. காற்றில் உப்பு கரித்தது.

"அம்மா, செடியெல்லாம் ஆடுது."

மங்கை காற்று வரும் பக்கமாக நகர்ந்து நின்றாள். ஆட்டம் குறைந்தது. பவளா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை விடுவித்து, படபடத்துக்கொண்டிருந்த சேலை நுனியைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டாள்.