கடைசியில் கேட்டுக்கலாம்

எல்லோர் மைக்கையும் அடைத்த பிறகும் யாரோ இருமினார்கள்.

கணக்கு டீச்சர் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தார். கட்டம் கட்டமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தன் கொட்டாவி விட்டான், ஒருத்தி பென்சிலைக் கடித்தாள். எல்லார் மைக்கிலும் சிவப்புக் கோடு. அவர் திறந்துவிடாமல் யாரும் வாயைத் திறக்க முடியாது. நோய் வந்து ஊரையே வீட்டுக்குள் பூட்டியதில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்தப் பட்டன்தான். "என் தொண்டை பிழைச்சுதுடி" என்று தங்கையிடம் போனில் பெருமையடித்திருக்கிறார்.

மறுபடி இருமல். பிள்ளை இருமல் இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து புரண்டு புரண்டு மேலே வந்து, பாதி வழியில் மூச்சு சிக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணின் இருமல்.

வெளியே மழை மூட்டம். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறைக்குள் சானிடைசர் வாடையும் ஈரச்சுவரின் வாடையும் கலந்து கிடந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் கணவரின் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இருமல் இப்படி இருக்காது. டீச்சருக்கு இது யாருடையது என்று தெரியும். முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

போன மாதம், ரெட்டைச்சடை போட்ட ஒரு பிள்ளையின் கட்டத்திலிருந்து வந்தது. "யாரு வீட்ல இவ்ளோ சத்தம்?" என்று எரிச்சலோடு எல்லோரையும் மியூட் செய்தார். உடனே ரெட்டைச்சடையின் கட்டத்தில், பேச அனுமதி கேட்கும் மஞ்சள் கை எழுந்தது. "கடைசில கேட்டுக்கலாம், கண்ணு" என்று அதை இறக்கினார். மறுபடி எழுந்தது. இறக்கினார். எழுந்தது. பின்னக் கணக்கைப் பாதியில் விட அவருக்கு மனசு வரவில்லை. வகுப்பு முடிந்தபோது கேட்கவே மறந்துபோனார்.

அம்மாவும் பிள்ளையும் மட்டும் இருந்த வீடு அது. நோய் வந்த வீடென்று அக்கம்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. யாரைக் கூப்பிடுவதென்று தெரியாத அந்தப் பிள்ளைக்கு, கண்ணெதிரே தெரிந்த ஒரே பெரியவர் டீச்சர்தான். "அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதுவும் சொல்லலையா டீச்சர்?" என்று தலைமை ஆசிரியை பிறகு கேட்டபோது, "எதுவும் சொல்லலை மேடம்" என்றார். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அம்மா செத்த பிறகு ரெட்டைச்சடையைப் பெரியம்மா வந்து கூட்டிப் போனார். அவள் பெயரை வகுப்பிலிருந்து நீக்கியதும் டீச்சர்தான்.

இப்போது திரையின் கடைசி வரிசையில் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. பெயர் இல்லை. முகம் இல்லை. இருட்டு மட்டும்.

அதில் மஞ்சள் கை எழுந்தது.

பழகிப்போன விரல் தானாக அதை இறக்கியது. பயத்தோடு காத்திருந்தார். கை திரும்ப எழவில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டார்.

விட்ட மூச்சு திரும்பி வரவில்லை.

நெஞ்சுக்குள் ஏதோ சிக்கிக்கொண்டது. இருமினார். சத்தமில்லை. மேஜையை ஓங்கி அறைந்தார். சத்தமில்லை. எழப் பார்த்தார், முடியவில்லை. "ஏங்க!" என்றார். உதடு மட்டும் அசைந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கணவர் எதற்கோ சிரித்தார்.

திரையில் ஒரு வால்பையன் எழுதினான்: "மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க." அடுத்தடுத்துச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன.

டீச்சர் தன் மைக்கை அழுத்தினார். சிவப்புக் கோடு அகலவில்லை. மன்னிச்சிடும்மா. மன்னிச்சிடு. கை அடையாளத்தைத் தேடித் தொட்டார். அவருடைய கட்டத்தில் மஞ்சள் கை எழுந்தது.

இருட்டுக் கட்டத்தின் மைக் திறந்தது. மூச்சு வாங்க வாங்க, கனிவாக ஒரு குரல்.

"கடைசில கேட்டுக்கலாம், கண்ணு."

கை இறங்கியது. மறுபடி எழுப்பினார். இறங்கியது. எழுப்பினார்.

பிள்ளைகள் தலையைக் குனிந்து, பலகையில் இருந்த கணக்கைச் சமர்த்தாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.