வாசலில் கழற்றிய பூட்ஸ்கள்

போஸ்டரில் அணிவகுத்த இளைஞர்கள் எல்லோரும் வெறுங்காலோடு நின்றார்கள். பூட்ஸ் போடச் சொல்லிச் சஞ்சயன் ஒன்பது தரம் எழுதிப் பார்த்துவிட்டான். படம் வரையும் ஏஐ வானத்தை இன்னும் சிவப்பாக்கியது, முஷ்டிகளை உயர்த்தியது, கால்களை மட்டும் அப்படியே விட்டது. முன்வரிசையில் ஒரு ஆள் நிற்கும் இடமும் ஒவ்வொரு முறையும் காலியாகவே வந்தது.

பின்னால் நின்று பார்த்த தாய் பிளோறன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆர் உன்னட்டை இதைக் கேட்டது?"

"பேனாட் அங்கிள். இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் பழைய போராட்டப் போஸ்டர் மாதிரி வேணுமாம். சும்மா டிசைன்தானே அம்மா." மேசைக்கடியில் அவனுடைய நீலக் காலுறைகள் தாளம் போட்டன.

சும்மாவாம். மன்னாரில் அவளுடைய பள்ளிக்கூட மதிலில் ஒட்டியிருந்ததும் இதே முஷ்டி, இதே சிவப்பு வானம்தான். அதைப் பார்த்துவிட்டு இயக்கத்துக்குப் போன அவள் வகுப்புப் பையன்கள் பதினொரு பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. அதை ஒட்டுவித்த பேனாட், தன் மகன்களை முதலில் விமானம் ஏற்றிவிட்டுத் தானும் இங்கே ஜெர்மனிக்கு, கொலோனுக்கு வந்து சேர்ந்தவர். இப்போது அவளுடைய பதினாறு வயது மகனிடம் கேட்கிறார், வெட்கங்கெட்ட மனிதர்.

"இப்பவே அழி. அவரோடை நான் கதைக்கிறன்."

"ஓம் அம்மா," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குசினிக்குப் போய்ப் பேனாட்டுக்கு அழைப்பு எடுத்தாள். ஞாயிறு மத்தியானம், ஆணி அடித்தாலே அயலவர் சண்டைக்கு வரும் நேரம். அந்த அமைதியில், எதிர்முனையில் மணி அடிக்க அடிக்க, பல கால்கள் ஒரே சீராகப் படியேறி மூன்றாம் மாடிவரை வந்து நின்றன. பூட்டிய கதவின் இடுக்கால் ஈரமண் வாசனை புகுந்தது. பேனாட் எடுக்கவில்லை.

அழைப்புமணி. கதவைத் திறந்தாள். கீழ்வீட்டு ஜெர்மன்காரக் கிழவி.

"இத்தனை விருந்தாளிகளா?" என்றாள் கிழவி ஜெர்மனில். "சப்பாத்துகளைப் படிக்கட்டில் விடக் கூடாது, தெரியுமல்லவா?"

பிளோறன்ஸ் கீழே பார்த்தாள். சேறு படிந்த பழைய பூட்ஸ்கள். சோடி சோடியாக. பதினொரு சோடி.

வீட்டுக்குள் வருகிறவர்கள் வாசலில் கழற்றி வைப்பதுபோலக் கழற்றி வைத்திருந்தார்கள்.

திரும்பினாள். நடையில் ஈரக் காலடிகள். மகனின் அறைவரை. திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை.

"சஞ்சயன்."

மேசைக்கு முன்னால் கதிரை காலி. திரை எரிந்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. காதில் வைத்தாள்.

"சொல்லுங்கோ தங்கச்சி," என்றார் பேனாட். "போஸ்டர் முடிஞ்சுதோ?"

முடிந்திருந்தது. முன்வரிசையில் இப்போது இடைவெளி இல்லை. ஈரம் காயாத வெறுங்கால்களுக்கு நடுவே ஒரு சோடி நீலக் காலுறைகள்.