தோப்புப் படத்துக்கு வைத்த கண்

வக்கீல் சந்திரமௌலி எங்க வீட்டு வாசல்ல ஜட்காவை விட்டு இறங்கினப்போ நான் அட்டைக்குப் பசை காய்ச்சிக்கிட்டு இருந்தேன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுல முன்கூடம் போட்டோ ஸ்டூடியோ, பின்கட்டு எங்க வீடு. முப்பத்தி நாலாம் வருஷம். படம் புடிக்கிறது எங்க அண்ணன் ஷரஃபுதீன். புடிச்ச படத்தை அட்டையில ஒட்டறது நான், சகினா. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் பெரிய வேலை. அதைச் செய்யறது அண்ணன் சம்சாரம் அன்வரி பேகம். நான் பாபின்னு கூப்பிடுவேன்.

வெளி ஆம்பளைங்க கண்ணுல படாத கோஷா குடும்பத்துப் பொம்பளைங்க எங்களைத் தேடி வந்ததே பாபிக்காகத்தான். அண்ணன் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஒரு நிமிஷம் பாக்கறதை அவங்க வீட்டு ஆம்பளைங்க எப்படியோ பொறுத்துக்குவாங்க. ஆனா யாரோ ஒருத்தன் அவங்க முகத்தை முன்னால வச்சுக்கிட்டு மணிக்கணக்கா பென்சில் போடறதைப் பொறுக்க மாட்டாங்க. அதனால கண்ணாடி நெகடிவுல கை வைக்கிறது பாபி மட்டும்தான். அம்மை வடுவை மறைச்சு, கன்னத்து ஒட்டலை நிரப்பி, கடைசியா ரெண்டு கண்ணுலயும் பென்சில் முனையால ஒவ்வொரு பொட்டு வைப்பாங்க. நெகடிவுல வச்ச கறுப்பு, படத்துல வெளிச்சமா விழும். அது இல்லேன்னா மையித்து மாதிரி, உசிரே இல்லாம இருக்கும்னு சொல்வாங்க. வருஷக்கணக்கா வச்ச பழக்கம், கை தானாப் போகும்.

"அடையார்ல எங்க தோப்பு ஒண்ணு இருக்கு," வக்கீல் சொன்னாரு. "அதைப் பிடிச்சுத் தரணும். மரம் மட்டும் போதும். படத்துல ஒருத்தரும் இருக்கப்படாது."

"மரத்தைப் புடிச்சா மரம்தான் சார் இருக்கும்," அண்ணன் சிரிச்சாரு.

"அப்படி இருந்தா ரொம்ப சந்தோஷம்."

எனக்கு அந்த மனுஷனைப் பாத்ததுமே புடிக்கல. உக்காரச் சொன்னா உக்காரல, தண்ணி குடுத்தா குடிக்கல. சுவத்துல மாட்டியிருந்த படம் ஒவ்வொண்ணையும் எதையோ தொலைச்சவரு மாதிரி பாத்துக்கிட்டே நின்னாரு.

மறுநாள் அண்ணன் போனாரு. காமிரா கால்களைத் தூக்கறதுக்கு ஊரூர் குப்பத்துப் பக்கிரி கூடப் போனான். கடலுக்குப் போகாத நாள்ல எங்களுக்கு எடுபிடி செய்வான். மத்தியானம் திரும்பி வந்தவன் சாமானை இறக்கி வச்சுட்டு என்கிட்ட வந்தான்.

"இன்னாம்மா எடம் அது. மட்ட மத்தியானம், ஒரு காக்கா கத்தல. நைனா துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு கீறாரு. எம் முதுவ யாரோ தடவிப் பாத்துக்கினு போறாப்ல கீது."

"நேத்து ஊத்திக்கிட்டது இன்னும் இறங்கலையா பக்கிரி?" நான் கிண்டல் பண்ணினேன்.

"இல்லம்மா. இன்னொரு தபா என்னிய அங்க கூப்புடாதீங்கோ." கூலியைக்கூட வாங்காமப் போயிட்டான்.

அண்ணன் எடுத்தது ஒரே ஒரு கண்ணாடி. சாயங்காலம் இருட்டறையில கழுவி, முதல் படத்தைப் போட்டாரு. நாவல் மரமும் புங்க மரமுமா நல்லாத்தான் வந்திருந்துச்சு. நடுவுல ரெண்டு மரத்துக்கு இடையில மட்டும், ஆள் உயரத்துக்குக் கறுப்பா ஏதோ ஒண்ணு.

"கண்ணாடியில அந்த எடத்துல மருந்து விட்டுப்போயிருக்கு," அண்ணன் சொன்னாரு. "விடு, சரி பண்ணிடலாம்."

காகிதத்துக்கு வெளிச்சம் அதிகமா விட்டு, தோப்பையே அந்திப்பொழுது மாதிரி இருட்டாக்கினாரு. இருட்டோட இருட்டா அந்தக் கறுப்பு அமுங்கிப் போகணும். போகல. அது இப்ப இடது பக்கம் இருந்துச்சு.

சரின்னு இடது பக்கத்தை அட்டை வச்சு மறைச்சு, படத்தை ஒடுக்கமாப் போட்டாரு. அது வலது ஓரத்துல நின்னுச்சு. ஒரு கை மரத்தைப் புடிச்சிருந்துச்சு.

அடுத்து வெளிச்சத்தைக் கொறைச்சு வெளுப்பாப் போட்டாரு. மரமெல்லாம் பனியில நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அது மட்டும் வெளுக்கல. ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

நாலு படத்தையும் கூடத்துத் தரையில பரப்பி வச்சுப் பாத்தோம். கண்ணாடி ஒண்ணுதான், தோப்பும் ஒண்ணுதான்.

"பொம்பளை," பாபி மெதுவாச் சொன்னாங்க. "புடவைத் தலைப்பைப் பாரு."

முகம் இருந்துச்சு. கண்ணு இருக்க வேண்டிய இடத்துல குழிதான் இருந்துச்சு.

கண்ணாடியை உடைச்சுப் போடுங்கன்னேன். அண்ணனுக்கு ரோஷம். "புடிச்ச படத்தை உடைக்கிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்ல. அன்வரி, நீ பென்சில் போட்டு அதை இலையா மாத்திடு."

பாபி ஜன்னலோரம் சாய்வுப் பலகையில கண்ணாடியை வச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நான் பக்கத்துல இருந்தேன். கால் போச்சு, கை போச்சு, புடவை போச்சு, எல்லாத்து மேலயும் இலை இலையாப் பென்சில் ஓடுச்சு. முகத்துக்கு வந்ததும் கை ஒரு வினாடி நின்னுச்சு. அப்புறம் எந்த முகத்துக்கும் செய்யற மாதிரி, அந்த ரெண்டு குழியிலயும் ஒவ்வொரு பொட்டு வச்சுச்சு.

"பாபி, என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்?" சத்தியமா அவங்களுக்கே தெரியல.

அந்தக் கண்ணாடியில போட்ட படத்துல ஒரு இலைகூட இல்ல. பாபி போட்ட இலை அத்தனையும் எங்கேயோ போயிட்டுது. அந்தப் பொம்பளை தோப்பு நடுவுல நேரா நின்னா. நீட்டியிருந்த கை ரெண்டும் கீழ இறங்கியிருந்துச்சு.

பாத்தா. படம் புடிச்சவரைப் பாத்தா.

மறுநாள் காலையில அண்ணன் முற்றத்துல நின்னுக்கிட்டு, "என்ன சகினா, இன்னைக்கு மூடாக்கா இருக்கே?"ன்னு கேட்டாரு. வெயில் மண்டையைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு.

அதுக்கப்புறம் வீட்டுல நிம்மதி போச்சு. ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் எழுந்து நடப்போம். பின்கட்டுல ஈர இலை மக்கின வாடை. கழுவினாலும் போகல, சாம்பிராணி போட்டாலும் போகல. அண்ணன் விடாம அதே கண்ணாடியில படம் போட்டுக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு படத்துலயும் அவ கொஞ்சம் முன்னால வந்தா, ஒவ்வொரு படத்துக்கும் அவரு கண்ணு கொஞ்சம் மங்குச்சு. ராயப்பேட்டை டாக்டர் விளக்கைப் புடிச்சுப் பாத்துட்டு கண்ணுல ஒரு கோளாறும் இல்லேன்னுட்டாரு. கோளாறு இல்லாத மனுஷன் தம்ளரைத் தேடித் தரையைத் தடவறதை நான் பாத்தேன். படம் புடிக்கிறவனுக்குக் கண்ணு போனா அப்புறம் என்ன இருக்கு? எங்க அண்ணனை நினைச்சு சமையக்கட்டுல முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன்.

பாபிக்குப் புரிஞ்சுபோச்சு. "நான் குடுத்த கண்ணு இவருகிட்டேர்ந்து எடுத்தது"ன்னாங்க. டர்பெண்டைன்ல பஞ்சை நனைச்சுக் கண்ணாடியைத் துடைச்சாங்க. பென்சில் எல்லாம் போச்சு. அந்த ரெண்டு பொட்டு மட்டும் போகல.

நான் புர்காவை மாட்டிக்கிட்டுத் தனியாக் கிளம்பிட்டேன். வெக்கமாவது மண்ணாவது. வக்கீல் வீடு குளத்துக்குப் பின்னால. வாசல்லயே அவரை நிக்க வச்சுக் கேட்டேன்.

"யாருய்யா அவ?"

மனுஷன் முகம் செத்துப் போச்சு. "படத்துல இருக்காளா?"

"இருக்கா. எங்க அண்ணனைக் குருடாக்கிக்கிட்டு இருக்கா. சொல்லுங்க, யாரு?"

"என் ஆத்துக்காரி," தூணைப் புடிச்சுக்கிட்டாரு. "ஜுரத்துல அவளுக்குக் கண்ணு போயிடுத்து. காத்தாட இருக்கட்டும்னு தோப்புல உக்காத்தி வச்சுட்டு ஒருத்தரைப் பாக்கப் போனேன். பேச்சு சுவாரசியத்துல நேரமாயிடுத்து. அவ என்னைத் தேடிண்டு எழுந்துட்டா. மரம் மரமாத் தடவிண்டு நடந்திருக்கா. மறுநாள்தான் பொணமாக் கிடைச்சா. கிடந்த இடத்துக்குப் பக்கத்துலயே தோப்பு வாசல் இருந்துதம்மா. அவளுக்குத் தெரியலை."

"அதுக்கு ஏன்யா படம்?"

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரைப் பிடிக்கச் சொன்னேன். ரெண்டுலயும் இருந்தா. ஒரு படத்துல அவ இல்லேன்னா, வழி கண்டுபிடிச்சு வெளில வந்துட்டான்னு எனக்கு நிம்மதி."

பாபி கண்ணு வச்சதைச் சொன்னேன். அவ ஒவ்வொரு படத்துலயும் முன்னால வர்றதையும் சொன்னேன். அவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு.

"அவ வெளில வந்துண்டிருக்கா," என்னை நிமிந்து பாத்துச் சொன்னாரு. "எனக்கு எதுவும் நிச்சயமாத் தெரியாது. ஆனா வாசலைத் தாண்டிட்டா யாரோட கண்ணும் அவளுக்கு எதுக்கு? திருப்பிக் கொடுத்துடுவா. அதுவரைக்கும் தொடாதீங்கோ. பாதி வழியில அவ கண்ணைப் பிடுங்கிடாதீங்கோ."

ஓடினேன். வடக்கு மாட வீதியில ஜனங்க ஒதுங்கி வழி விட்டுப் பாத்தாங்க. புர்கா காலைத் தடுக்குச்சு, ஒரு செருப்பு எங்கேயோ கழண்டு போச்சு.

வாசப்படி ஏறினப்போ சத்தம் கேட்டுச்சு.

கிறீச். கிறீச்.

கண்ணாடியைக் கத்தி சுரண்டற சத்தம்.

"பாபி, வேணாம்!"

பாபி திரும்பினாங்க. சுரண்டற கத்தி கையில இருந்துச்சு. முகத்துல ஒரு சந்தோஷம். "போயிடுச்சு சகினா. ரெண்டையும் எடுத்துட்டேன். இனிமே அவருக்குத் திரும்பி வந்துடும்."

கூடத்துல அண்ணன் ஜன்னலைப் பாத்தபடி உக்காந்திருந்தாரு. வெயில் நேரா அவரு முகத்துல விழுந்துச்சு.

"அன்வரி," அவரு கூப்பிட்டாரு. "ஜன்னலை ஏன் சாத்தினே?"

பாபி கையிலிருந்த கத்தி கீழ விழுந்துச்சு.

வக்கீல் அப்புறம் ஒருநாள் வந்தாரு. கடைசியா ஒரு படத்தை நானும் பாபியும் சேர்ந்து போட்டு வச்சிருந்தோம். நாவல் மரம், புங்க மரம், நடுவுல வெயில். யாரும் இல்ல. அவரு அதை வெளிச்சத்துல புடிச்சுப் புடிச்சுப் பாத்தாரு.

"அவ எங்க?"ன்னு கேட்டாரு.

"நீங்க கேட்ட மாதிரி ஒருத்தரும் இல்ல. எடுத்துக்கிட்டுப் போங்க," நான் சொன்னேன். நல்ல வார்த்தை என் வாயில வரல. அவரு படத்தை மார்போட அணைச்சுக்கிட்டு ஜட்காவுல ஏறினதைப் பாத்து எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரல.

பாபி அதுக்கப்புறம் பென்சிலைத் தொடல. அண்ணனைக் குளிப்பாட்டறதும் தலை வாரறதும் அவங்க பாத்துக்கிட்டாங்க, சோறு ஊட்டறது என் வேலை. அண்ணன் யாரையும் ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. நாள் பூரா கயித்துக் கட்டில்ல உக்காந்து எதையோ கேட்டுக்கிட்டு இருப்பாரு. ஈர இலை வாடை மட்டும் எங்களுக்குப் பழகிப் போச்சு.

நேத்து மத்தியானம் நான் கட்டில்ல அவரு பக்கத்துல உக்காந்து மீன் முள்ளை எடுத்துக்கிட்டு இருந்தேன். பாபி வெளியே போயிருந்தாங்க. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

அண்ணன் என் தோளைத் தொட்டாரு. விருந்தாளி முன்னால பேசற மாதிரி, குரலைத் தணிச்சு மரியாதையாச் சொன்னாரு.

"சகினா, கொஞ்சம் நகந்து உக்காரு. அவங்க இந்த வீட்டுல வழி தெரியாம ரொம்ப நேரமாச் சுத்திக்கிட்டே இருக்காங்க."

நான் நகந்தேன்.

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கட்டில் கயிறு மெதுவா இறங்குச்சு.